பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து வாரங்கள்: இந்தப் பயம் எப்போது தெளியும்?

கேள்வி: முதலாண்டு_முதுநிலை

வணக்கம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றில் குழந்தை மருத்துவ முதுநிலைப் படிப்பின் முதலாண்டில் இருக்கிறேன். பொது வார்டில் மூன்று மாதம் ஓட்டிய பிறகு, ஐந்து வாரங்களுக்கு முன் என்னைப் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் போட்டார்கள். வார்டில் இருந்தபோது ஓரளவு தேறிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே வந்த முதல் இரவே அந்த நினைப்பு கரைந்துவிட்டது. 900 கிராம் குழந்தையின் கை என் சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. அதில் நரம்பைத் தேடி ஊசி ஏற்றும்போது நடுங்குவது குழந்தையின் கையா, என் கையா என்று எனக்கே தெரிவதில்லை.

இரவில் இன்பார்ன் (இங்கேயே பிறந்தவர்கள்), அவுட்பார்ன் (வெளியே பிறந்து இங்கே வந்தவர்கள்) இரண்டு அறைகளிலும் சேர்த்து முப்பது குழந்தைகளுக்குக் குறையாமல் இருப்பார்கள். என்னோடு இரண்டாமாண்டு அக்கா ஒருவர் இருப்பார். பிரசவ அறையிலிருந்து அழைப்பு வந்தால் எங்களில் ஒருவர் அங்கே ஓடியாக வேண்டும். மற்றவர் தனியாக நிற்க வேண்டும். தனியாக நிற்கும் அந்த அரை மணி நேரத்தைத்தான் நான் பகலெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன். முதலாவது, 1,100 கிராம் எடையுள்ள குழந்தைக்கு ஜென்டாமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை எழுதியது. கிலோவுக்கு 5 மி.கி. என்ற கணக்கில் 5.5 மி.கி. வருகிறது. எங்களிடம் இருப்பதோ 2 மி.லி.யில் 80 மி.கி. கொண்ட, பெரியவர்களுக்கான குப்பி. அதை நீர்த்து மி.லி.க்கு 10 மி.கி. என்று ஆக்கிக்கொண்டால் செலுத்த வேண்டியது 0.55 மி.லி. அதிகாலை நான்கு மணிக்கு நான் கேஸ் ஷீட்டில் எழுதியது 5.5 மி.லி. செவிலியர் ஒரு மி.லி. சிரிஞ்சைக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்து, வேறு யாருக்கும் கேட்காத குரலில், "இதில் ஐந்தரை மி.லி. எப்படி ஏறும் டாக்டர்?" என்று கேட்டார். அவ்வளவுதான் நடந்தது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து எதை எழுதினாலும் மூன்று முறை அழித்து எழுதுகிறேன்.

இரண்டாவது, தொலைவிலுள்ள ஒரு தாலுகா மருத்துவமனையிலிருந்து 108 ஆம்புலன்சில் வந்த நிறைமாதக் குழந்தை. பிறந்தவுடன் அழவில்லை, எங்களிடம் வந்து சேர்ந்தபோது பிறந்து ஒன்பது மணி நேரம் ஆகியிருந்தது, வலிப்பு நிற்கவே இல்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் இறந்துவிட்டது. அக்கா பிரசவ அறையில் இருந்ததால், குழந்தையின் தந்தையிடம் நான்தான் பேச வேண்டியதாயிற்று. "எங்களால் முடிந்ததையெல்லாம் செய்தோம், கை மீறிப் போய்விட்டது" என்றேன். அவர் சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்துக்கொண்டு, "சரிங்க சார், இப்போது எந்த ஊருக்குக் கொண்டுபோக வேண்டும்?" என்று கேட்டார். பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப் போகிறோம் என்று புரிந்துகொண்டிருந்தார். விஷயம் புரிந்த பிறகு அவர் கேட்ட ஒரே கேள்வி, "முதலிலேயே பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பிழைத்திருக்குமா?" என்பதுதான். எனக்குப் பதில் தெரியவில்லை.

இந்தப் பயம் எத்தனை மாதத்தில் தெளியும்? கணக்கில் தவறாமல் இருக்க நீங்கள் என்ன பழக்கம் வைத்திருக்கிறீர்கள்? அந்தத் தந்தையிடம் நான் எப்படிப் பேசியிருக்க வேண்டும்?

---

பதில்: நீல_வெளிச்சம்

தம்பி, நான் பதினான்கு ஆண்டுகளாக இதே வகைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பயப்படாத முதலாண்டு மாணவர் ஒருவர் வந்துவிட்டால் எனக்குத்தான் அந்த மாதம் முழுவதும் தூக்கம் வராது. எனவே பயத்தை விடுங்கள். ஆனால் உங்கள் பயம் தவறான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஊசி ஏற்றுவது, குழாய் போடுவது, தொப்புள் கொடியில் வழி எடுப்பது ஆகியவற்றைப் பற்றித்தான் எல்லா முதலாண்டு மாணவர்களும் கவலைப்படுகிறார்கள். அவை கை வேலை. முப்பது நாற்பது முறை செய்தால் கை தானாகவே கற்றுக்கொண்டுவிடும். தொப்புள் கொடியை வெட்டிப் பார்த்தால் பன்னிரண்டு மணி திசையில் வாய் பிளந்து, மெல்லிய சுவரோடு தளர்ந்து கிடப்பது சிரை என்பதும், கீழே தடித்த சுவரோடு வெண்புள்ளிகளாகத் துருத்திக்கொண்டிருக்கும் இரண்டும் தமனிகள் என்பதும் பத்தாவது குழந்தைக்குப் பிறகு யோசிக்காமலே தெரிய வரும். தானாக வராதது ஒன்று உண்டு, அது பார்ப்பது.

இரவுப் பணியைப் பொறுப்பேற்று முடிந்ததும் ஒவ்வொரு வார்மர் (குழந்தையைக் கதகதப்பாக வைத்திருக்கும் படுக்கை) முன்னாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு நிமிடம் நில்லுங்கள். மானிட்டரைப் பார்க்காதீர்கள், குழந்தையைப் பாருங்கள். மூச்சை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு முழு நிமிடம் எண்ணுங்கள், ஏனென்றால் குறைமாதக் குழந்தை ஐந்து முதல் பத்து விநாடி மூச்சை நிறுத்திவிட்டுப் பிறகு வேகமாக விடுவது இயல்பு. அதே நிறுத்தம் 20 விநாடியைத் தாண்டினாலோ, அதற்குள்ளாகவே நிறம் மாறி இதயத்துடிப்பு இறங்கினாலோ அது அப்னியா. மூச்சு விடும்போது முனகல் கேட்கிறதா, விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே இழுக்கிறதா, வயிறு மதியம் இருந்ததைவிட உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, புறங்கையால் முதலில் வயிற்றையும் அடுத்துப் பாதத்தையும் தொடுங்கள். வயிறு கதகதப்பாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் அந்தக் குழந்தை குளிரோடு போராடிக்கொண்டிருக்கிறது. இரண்டுமே சில்லென்று இருந்தால் ஏற்கெனவே உடல் குளிர்ந்துவிட்டது. இதற்குத் தெர்மாமீட்டர்கூட வேண்டாம் (அளந்து எழுதத்தான் வேண்டும், 36.5 முதல் 37.5 டிகிரிக்குள் இருக்க வேண்டும்). மூன்று மணிக்கு ஒரு குழந்தை "சரியில்லை" என்று உங்களுக்குத் தோன்றி, ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும், அக்காவை அழைத்து அப்படியே சொல்லுங்கள். காரணம் தெரிந்த பிறகு அழைக்கலாம் என்று காத்திருப்பதுதான் நான் பார்த்தவரையில் முதலாண்டு மாணவர்கள் செய்யும் பெரிய பிழை.

பிரசவ அறையைப் பற்றி ஒன்று. நன்றாக இருக்கும் குழந்தைக்கே பிறந்து ஒரு நிமிடத்தில் ஆக்சிஜன் செறிவு 60 முதல் 65 விழுக்காடுதான் இருக்கும். ஐந்தாம் நிமிடத்தில்தான் 80-ஐத் தாண்டும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிப் பதற்றம் போய்விடும். அழாத குழந்தைக்கு முதல் 60 விநாடிக்குள் பையும் முகமூடியும் கொண்டு மூச்சுக் கொடுக்கத் தொடங்கிவிட வேண்டும். நெஞ்சு ஏறி இறங்கவில்லை என்றால் உடனே குழாய்க்குப் பாயாதீர்கள். பத்தில் எட்டு முறை முகமூடி ஓரத்தில் காற்று கசிகிறது, அல்லது கழுத்து மடிந்திருக்கிறது. தோளுக்கு அடியில் மடித்த துணி ஒன்றை வைத்து, தலையை இலேசாகப் பின்சாய்த்துவிட்டு மறுபடி கொடுத்துப் பாருங்கள். (பத்தில் எட்டு என்பது ஆய்வுக் கணக்கன்று, என் அனுபவக் கணக்கு.)

மருந்துக் கணக்குக்கு வருவோம். உங்கள் தவறு நீங்கள் கண்டுபிடித்ததன்று, மி.கி.யை மி.லி. என்று எழுதுவதும், புள்ளி ஓர் இடம் தள்ளிப்போவதும் இந்தப் பிரிவுக்கே உரிய நோய்கள். வார்டில் பத்து மடங்கு அதிகம் எழுதினால் குப்பிகளின் எண்ணிக்கையே காட்டிக்கொடுத்துவிடும்; இங்கேயோ பத்து மடங்கும் ஒரே குப்பிக்குள் அடங்கிவிடும். எங்கள் பிரிவில் நான் வலியுறுத்துவது இவ்வளவுதான்: புள்ளிக்கு முன்னால் சுழியம் கட்டாயம் வேண்டும், முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் சுழியமும் கூடவே கூடாது, எடை, கிலோவுக்கு எத்தனை, மொத்த மி.கி., நீர்த்த பின் மி.லி.க்கு எத்தனை மி.கி., இறுதியில் மி.லி. என்று ஐந்தையும் ஒரே வரியில் எழுத வேண்டும். எழுதிய பின் செவிலியர் காதில் விழும்படி வாய்விட்டுப் படிக்க வேண்டும். கண் பார்க்காமல் விடுவதை வாய் பிடித்துவிடும். அழித்து அழித்து எழுதுவதை இன்றோடு நிறுத்துங்கள், அடித்துத் திருத்திய கேஸ் ஷீட்தான் அடுத்த தவறுக்கு வாசல்.

இன்னொரு கணக்கையும் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். பச்சிளங்குழந்தையின் உடலில் கிலோவுக்கு 80 முதல் 90 மி.லி. இரத்தம் இருக்கிறது. ஒரு கிலோ குழந்தையிடம் நீங்கள் ஒரு மி.லி. எடுத்தால் அதன் மொத்த இரத்தத்தில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கிறீர்கள். எந்தப் பரிசோதனையை எழுதும்போதும் அதன் விடை வந்தால் நாம் செய்வதில் ஏதாவது மாறுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி அந்தத் தந்தை. "கை மீறிவிட்டது", "ஒன்றும் சொல்வதற்கில்லை" என்பவை நம்மைக் காப்பாற்றிக்கொள்ள நாம் கண்டுபிடித்த சொற்கள். "குழந்தை இறந்துவிட்டது" என்று சொல்லுங்கள். நடைபாதையில் நின்றபடி சொல்லாதீர்கள். இரண்டு நாற்காலி தேடிப் பிடித்து, செவிலியர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு, அவரை உட்கார வைத்துவிட்டு நீங்களும் உட்காருங்கள். குழந்தைக்குப் பெயர் வைத்திருந்தால் பெயரைச் சொல்லுங்கள். சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டு இருங்கள். அந்த ஒரு நிமிட மௌனத்தைத் தாங்க முடியாமல்தான் நாம் வலிப்பு, சிறுநீரகம், இரத்த அழுத்தம் என்று பேசத் தொடங்கிவிடுகிறோம்.

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால்" என்ற கேள்விக்கு உண்மையான பதில் இருக்கிறது. அவர் கேள்விப்பட்டிருக்கக்கூடிய சிகிச்சை, மூச்சுத்திணறிய குழந்தையின் உடலை 33.5 டிகிரிக்கு 72 மணி நேரம் குளிர்வித்து வைப்பது. அதைப் பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், உங்கள் குழந்தை வந்ததோ ஒன்பதாம் மணி நேரத்தில். தவிர, இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளின் ஏழு மருத்துவமனைகளில் 408 குழந்தைகளை வைத்துச் செய்த ஹீலிக்ஸ் ஆய்வு 2021-இல் வெளிவந்தது. பணக்கார நாடுகளில் பலன் தந்த அந்தச் சிகிச்சை இங்கே மூளைப் பாதிப்பைக் குறைக்கவில்லை. குளிர்விக்கப்பட்ட குழந்தைகளில் 42 விழுக்காட்டினரும், குளிர்விக்கப்படாதவர்களில் 31 விழுக்காட்டினரும் இறந்தார்கள். இந்த எண்களை அந்தத் தந்தையிடம் ஒப்பிக்க வேண்டியதில்லை. "பிறக்கும்போதே மூளை மிகவும் பாதிக்கப்பட்டிருந்தது; நீங்கள் வேறு இடத்துக்குப் போகாததால் இது நடக்கவில்லை" என்று, அது உண்மையாக இருக்கும்போது, தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டால் அவர் அதை ஆயுள் முழுவதும் சுமப்பார்.

ஒன்றை மறந்துவிட்டேன். தாய் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை வார்டில் படுத்திருப்பார். "அவளிடம் இப்போது சொல்லாதீர்கள்" என்று குடும்பத்தார் கையைப் பிடித்துக்கொள்வார்கள். சில மணி நேரம் பொறுக்கலாம், ஆனால் அவர் குழந்தையைப் பார்க்காமலே உடலை ஊருக்கு அனுப்பிவிடாதீர்கள். மூன்றாம் நாள், நான்காம் நாள் அவருக்குப் பால் கட்டிக்கொள்ளும். குழந்தை இல்லை என்பது மார்புக்குத் தெரியாது. அதைப் பற்றி அவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைக்கப் பிரசவ வார்டு செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

---

பதில்: இரவுப்பணி_செவிலி

டாக்டர், உங்களிடம் சிரிஞ்சைக் காட்டிய அந்தச் செவிலியரிடம் நன்றி சொன்னீர்களா? சொல்லியிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். சொல்லாவிட்டால் இன்று போய்ச் சொல்லிவிடுங்கள், மரியாதைக்காக அன்று. ஒரு முறை கேட்டு முகத்தைச் சுளித்த மருத்துவரிடம் அடுத்த முறை கேட்கத் தயங்கும் இளம் செவிலியர்கள் இருக்கிறார்கள், அந்தத் தயக்கத்தில் குழந்தை மாட்டிக்கொள்ளும்.

மேலே ஐயா எழுதியவற்றோடு என் பங்குக்குச் சிலவற்றைச் சேர்க்கிறேன். இரண்டு முறை குத்தியும் நரம்பு கிடைக்காவிட்டால் மூன்றாவது முறை நீங்கள் குத்தாதீர்கள். வேறு கைக்குக் கொடுங்கள். அந்தக் கை உங்களைவிடத் திறமையானதாக இருக்க வேண்டும் என்றில்லை, கோபமில்லாத கையாக இருந்தால் போதும். குத்துவதற்கு இரண்டு நிமிடம் முன்பு தாய் பிழிந்து கொடுத்த பாலில் சில சொட்டுகளை நாக்கில் விட்டுப் பாருங்கள். அழுகை குறைவதை நீங்களே கேட்பீர்கள். பிளாஸ்திரியை உரிக்கும்போது தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஊற வைத்து உரியுங்கள், 28 வாரக் குழந்தையின் தோல் பிளாஸ்திரியோடு வந்துவிடும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், மறுபடி பார்க்க விரும்பவில்லை.

பப்பிள் சிபாப்பில் (மூக்கு வழியாகத் தொடர் அழுத்தத்தில் காற்று கொடுத்து மூச்சுக்கு உதவும் கருவி) இருக்கும் குழந்தையிடம் போனால் முதலில் தண்ணீர் பாட்டிலைக் கேளுங்கள். கேளுங்கள் என்றுதான் எழுதுகிறேன். குழாய் நீருக்குள் ஐந்து செ.மீ. ஆழத்தில் இருக்கும்போது குமிழி தொடர்ந்து கொதிப்பதுபோல் சத்தம் வரும். சத்தம் நின்றால் மூக்கிலிருந்து முனை நழுவியிருக்கிறது, அல்லது வாய் திறந்து காற்று போகிறது, அல்லது எங்கோ இணைப்பு கழன்றிருக்கிறது. மானிட்டர் கூவுவதற்கு முன்பே அந்த அமைதி எங்களை எழுப்பிவிடும். அந்த முனை மூக்கின் நடுத்தண்டை அழுத்துகிறதா என்றும் பாருங்கள்; சிவந்திருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், கறுத்த பிறகு சொல்வதில் பயனில்லை.

இரவில் ஒரே குழந்தையை நீங்கள் ஒரு முறை, அக்கா ஒரு முறை, நான் நான்கு முறை, எக்ஸ்ரே எடுப்பவர் ஒரு முறை என்று தொட்டுக்கொண்டே இருந்தால் அது எப்போது தூங்கும்? என்னென்ன செய்ய வேண்டும் என்று என்னோடு பேசி வைத்துக்கொண்டு, பால் கொடுக்கும் நேரத்தோடு சேர்த்து ஒரே தடவையில் முடித்துவிடலாம். பாலாடையில் பால் ஊட்ட ஒரு முறை கற்றுக்கொள்ளுங்கள். மருத்துவர்கள் "பாலாடை மூலம் 10 மி.லி." என்று எழுதிவிட்டுப் போகிறார்கள், அந்தப் 10 மி.லி. புரையேறாமல் உள்ளே போவதற்குக் கால் மணி நேரம் ஆகிறது என்பது ஊட்டிப் பார்த்தவருக்குத்தான் தெரியும். கை கழுவுவதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை, எழுதினால் சண்டையாகிவிடும்.

---

பதில்: முப்பதாம்_வாரத்துத்_தாய்

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு என் மகன் 30 வாரத்தில், 1,240 கிராம் எடையில் பிறந்து 41 நாள் "பெட்டியில்" இருந்தான். (உங்களுக்கு அது வார்மர், இன்குபேட்டர், எங்களுக்கு எல்லாமே பெட்டிதான்.) கண்ணாடிக்கு வெளியே நின்றவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதல் வாரம் முழுவதும் யாரைக் கேட்டாலும் "24 மணி நேரம் போகட்டும்" என்றார்கள். 24 மணி நேரம் போனது; மறுபடி அதையே சொன்னார்கள். உங்களால் உறுதி கூற முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். நாங்கள் கேட்பது உறுதியை இல்லை. உங்களைப் போன்ற ஒரு முதலாண்டு மருத்துவர் ஒரு மாலை வெளியே வந்து, "நேற்று சிபாப்பில் 40 விழுக்காடு ஆக்சிஜன் வைத்திருந்தோம், இன்று 30-ஆகக் குறைத்திருக்கிறோம், குறைத்த பிறகும் தாங்கிக்கொள்கிறான்" என்றார். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று அன்று எனக்குத் தெரியாது. ஆனால் குறைந்தது என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அன்றிரவு சாப்பிட்டேன்.

எடை இறங்கும் என்பதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். ஆறாம் நாள் அவன் எடை 1,110 கிராம் என்று அட்டையில் பார்த்தபோது, என் பால் போதாததால்தான் மெலிகிறான் என்று நினைத்து இரவெல்லாம் அழுதேன். குறைமாதக் குழந்தைகள் முதல் வாரத்தில் பத்து விழுக்காடு, அதற்குச் சற்று மேலும்கூட இழப்பதும், இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்புவதும் வழக்கம் என்று பதினான்காம் நாள்தான் எனக்குத் தெரிந்தது. பிறந்த அன்றே அரை நிமிடத்தில் சொல்லி முடித்துவிடக்கூடிய செய்தி இது.

என் மாமியார், "ஏழாம் மாதப் பிள்ளை பிழைத்துவிடும், எட்டாம் மாதப் பிள்ளைதான் தங்காது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த மருத்துவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. வயிற்றுக்குள் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான் என்று விளக்கினார், மாமியார் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் தன் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டவர் என்பதால், சேனை வைக்க வேண்டாம் என்று அவர் சொன்னதை மட்டும் கடைசிவரை கேட்டார்.

பிற்பாடு என் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி வைக்கச் சொன்னார்கள். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், பெட்டிகள் பற்றாத ஓர் மருத்துவமனையில் தொடங்கிய முறை என்றும், கங்காரு முறை என்று பெயர் என்றும் சுவரில் எழுதியிருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் நிலை சீராகும்வரை காத்திராமல் பிறந்தவுடனேயே இதைத் தொடங்கச் சொல்லியிருப்பதைப் பின்னாளில் படித்தபோது, எனக்கு ஏன் பதினேழாம் நாள்வரை தரவில்லை என்று கேட்கத் தோன்றியது. அப்போது அந்த வழிகாட்டுதல் வந்திருக்கவில்லை என்று எனக்கே பதில் சொல்லிக்கொண்டேன்.

என் உண்மையான குறை வேறு. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் நான்காம் பக்கத்தில் மூன்று ஆங்கில எழுத்துகளில் (ROP, குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரை நோய்) கண் பரிசோதனை என்று ஒரு வரி இருந்ததாம். 2,000 கிராமுக்குக் கீழே அல்லது 34 வாரத்துக்கு முன்பு பிறந்த குழந்தைக்கு முப்பது நாளுக்குள் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும் என்று யாரும் வாயால் சொல்லவில்லை. நாங்கள் அங்கேயே இருந்தபோது முப்பதாம் நாளும் கடந்து போயிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் தற்செயலாகச் சொன்னதால் 47-ஆம் நாள் ஓடினோம். அந்த வாரமே லேசர் செய்தார்கள். பார்வை தப்பியது, கண்ணாடி போட்டிருக்கிறான். டாக்டர் தம்பி, அந்த ஒரு வரியை மட்டும் தமிழில், பெரிய எழுத்தில், தேதியோடு எழுதிக் கொடுங்கள்.

---

பதில்: மூன்றாமாண்டு_முடித்தவன்

எல்லோரும் உங்களை மேம்படுத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். நான் நேரத்தைப் பற்றிக் கேட்கிறேன். அதிகாலை நான்கு மணிக்குப் புள்ளி தள்ளிப்போனபோது நீங்கள் எத்தனை மணி நேரமாக விழித்திருந்தீர்கள்? ஒன்றிய சுகாதார அமைச்சகத்தின் 1992-ஆம் ஆண்டு உறைவிட மருத்துவர் திட்டம், தொடர் பணி வழக்கமாக 12 மணி நேரத்தையும் வாரப் பணி 48 மணி நேரத்தையும் தாண்டலாகாது என்கிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு முதுநிலை விதிகளோ "நியாயமான பணி நேரம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. நியாயம் எத்தனை மணி நேரம் என்பதைத் துறைத் தலைவர்தான் அளக்கிறார். இதை வைத்துக்கொண்டு நாளையே சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. அந்த ஜென்டாமைசின் தவறைப் பிரிவின் பதிவேட்டில் நீங்களே எழுதிவையுங்கள், எழுதும்போது எத்தனையாவது மணி நேரப் பணி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அப்படிப் பத்து வரிகள் சேர்ந்தால் பணிப் பட்டியல் மாறும். எங்கள் துறையில் மாறியது.

இரவுப் பணி முடிந்து இருசக்கர வாகனத்தில் போகாதீர்கள். பேருந்தில் போங்கள்.

---

கேள்வி கேட்டவர்: முதலாண்டு_முதுநிலை

எல்லோருக்கும் நன்றி. ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். இடையில் மூன்று இரவுப் பணிகள்.

செவிலியரிடம் நன்றி சொன்னேன். "அதை விடுங்கள் டாக்டர், உங்கள் ஏழு ஒன்று மாதிரி இருக்கிறது, அதைத் திருத்துங்கள்" என்றார். இப்போது ஏழுக்கு நடுவில் கோடு போடுகிறேன். ஐந்து எண்களையும் ஒரே வரியில் எழுதி வாய்விட்டுப் படிக்கிறேன். முதல் நாள் வெட்கமாக இருந்தது, இரண்டாம் நாள் பக்கத்து வார்மரில் நின்ற பயிற்சி மருத்துவரும் அப்படியே படிக்கத் தொடங்கிவிட்டார். பதிவேட்டிலும் எழுதிவிட்டேன். பத்தொன்பதாவது மணி நேரம் என்று எழுதியபோது பிரிவின் தலைமை மருத்துவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் இன்னும் கடினமாக இருக்கிறது. நேற்று முன்தினம் இரவு ஒரு குழந்தை சரியில்லை என்று மட்டும் தோன்றியது. மானிட்டரில் எல்லா எண்களும் சரியாகவே இருந்தன. மதியம் கையைக் காலை அசைத்துக்கொண்டிருந்தது, அப்போது அசையவில்லை, அவ்வளவுதான். அக்காவை அழைத்து, காரணம் தெரியவில்லை என்று சொல்லியே அழைத்தேன். அவர் வந்து இரத்தச் சர்க்கரை பார்த்தார், 28 இருந்தது, மிகவும் குறைவு. கிலோவுக்கு 2 மி.லி. கணக்கில் பத்து விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) கொடுத்துச் சொட்டுநீரை ஏற்றினோம். விடியும்போது அழுதான்.

முப்பதாம் வாரத்து அம்மாவுக்கு: உங்கள் பதிலைப் படித்துவிட்டு, கடந்த இரண்டு மாதத்தில் எங்கள் பிரிவிலிருந்து வீட்டுக்குப் போன 2,000 கிராமுக்குக் குறைந்த குழந்தைகளைப் பதிவேட்டில் தேடினேன். மூன்று பேருக்குக் கண் பரிசோதனைத் தேதி எழுதப்படவே இல்லை. இருவரின் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசிவிட்டேன். வரும் புதன்கிழமை கண் பிரிவுக்கு அழைத்து வருகிறார்கள். மூன்றாவது எண் உபயோகத்தில் இல்லை. அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் கிராம சுகாதார செவிலியரைப் பிடித்துக் கேட்டேன். அந்தப் பெண் தாய்வீட்டுக்குப் போயிருக்கலாம் என்றும், நாளை காலையில் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்வதாகவும் கூறியிருக்கிறார். குழந்தைக்கு இன்றோடு 26 நாள்.